எல்லைப் பட்டறைகளின் ‘இரட்டைக் குழி செட்’: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

வேலந்தாவளத்தில் தொடங்கி எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியே போகிற வட்டாரத்தில், சிமென்ட் உறை வார்க்கும் பட்டறைகளில் கக்கூஸுக்கான ‘இரட்டைக் குழி செட்’ என்று மொத்தமாக ஒரு விலை சொல்கிறார்கள். உறை 8, மூடி 2, கோப்பை, கோப்பைக்கு அடியில் மாட்டும் வளைவு, கால் வைக்கும் கல் 2, நாலங்குல பி.வி.சி. பைப், இரண்டு குழிக்கும் நடுவே வைக்க ஒரு சேம்பர் (பைப்பை இரண்டாகப் பிரிக்கும் பெட்டி). பெரும்பாலும் இவ்வளவுதான் சாமான். செப்டிக் டேங்க் கட்ட இடம் இல்லாதவர்களுக்கும், கழிவு லாரி நுழையாத சந்துக்குள் வீடு வைத்திருப்பவர்களுக்கும் இதைவிட உருப்படியான வழி கிடையாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உறையை அளந்து பார்த்து வாங்கலாம். கோப்பையைச் சோதித்து வாங்கலாம். சேம்பர் வேண்டாம் என்று சொல்லி அந்தக் காசைக் கழித்துக்கொள்ளலாம். சாமானோடு இலவசமாகக் கிடைக்கும் யோசனையில் பாதிக்கு மேல் அங்கேயே விட்டுவிட்டு வரலாம். இந்த செட்டின் பெரிய குறையே அந்த யோசனைதான். சாமானில் உள்ள குறையைக் காசு கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். தப்பாக மாட்டிய குழியை மாற்ற மறுபடியும் தோண்டத்தான் வேண்டும்.

முறை புதிதல்ல. 1970-இல் பிந்தேஸ்வர் பாடக் தொடங்கிய சுலப் அமைப்பு நாடெங்கும் பரப்பியது. இதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 12314, 1987-ஆம் ஆண்டினது. ஒரு குழியை மட்டும் புழங்க வேண்டும். அது நிரம்பியதும் அடைத்துவிட்டு அடுத்த குழிக்குத் திருப்ப வேண்டும். அடைத்த குழி இரண்டு ஆண்டு சும்மா கிடந்தால் உள்ளே இருப்பது மக்கி மண்ணாகிவிடும். நோய்க்கிருமி சாகும், எளிதில் சாகாத குடல்புழு முட்டையும் அழியும். தண்ணீரும் வாயுவும் உறையின் ஓட்டை வழியாக மண்ணுக்குள் போய்விடும். கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ‘இரண்டு ஆண்டு சும்மா கிடப்பது’ கெடாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

உறை

பட்டறையில் ‘மூணடி உறை’ என்றால் அது வெளிவிட்டம். சுவர் 2 அங்குலக் கனம் என்றால் உள்ளே மிஞ்சுவது 2 அடி 8 அங்குலம்தான். டேப்பை உள்ளே வைத்து அளக்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீட்டில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 40 முதல் 45 லிட்டர் கசடு சேரும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 5 பேர் வீடு என்றால் 225 லிட்டர். ஒரு குழிக்கு 4 உறை அடுக்குகிறோம், ஒவ்வொன்றும் ஓரடி உயரம். பைப் நுழைகிற மேல் உறை கொள்ளளவில் சேராது. மிச்சம் 3 உறை, 90 செ.மீ. மூணடி உறையில் இது ஏறக்குறைய 470 லிட்டர், அதாவது இரண்டு ஆண்டுதான் தாங்கும். ஓய்வில் கிடக்கும் குழிக்கும் இரண்டு ஆண்டு வேண்டும். நோம்பிக்கு நாலு பேர் வந்து ஒரு வாரம் தங்கினாலே கணக்கு இடிக்கும். நாலடி உறையில் உள்விட்டம் 3 அடி 8 அங்குலம். அதே ஆழத்துக்கு 880 லிட்டர், 5 பேருக்கு 4 ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. 8 பேர் வீடானாலும் இரண்டரை ஆண்டு ஓடும். செட்டில் மூணடிதான் வரும். வித்தியாசத்தைக் கொடுத்து நாலடியாக மாற்றிக்கொள்ளுங்கள். விட்டம் போதாததற்கு ஆழத்தைக் கூட்டி 8, 10 உறை இறக்குவது இந்த வட்டாரத்தில் சகஜம். அது குழியல்ல, நிலத்தடி நீருக்கு நேராகப் போட்ட குழாய்.

அடுத்தது ஓட்டை. கிணற்று உறையையே கக்கூஸுக்கும் ஏற்றி அனுப்பிவிடுவது உண்டு. அதில் ஓட்டையே இருக்காது. தண்ணீர் அடிப்பக்கம் வழியாக மட்டும் இறங்கப் பார்த்து, ஒரு வருஷத்தில் அடி அடைத்துக்கொண்டு, கக்கூஸில் ஊற்றுகிற தண்ணீர் மேலே எதிர்த்து வரும். கீழ் 3 உறைக்கு 2 அங்குல ஓட்டை வரிசையாக இருக்க வேண்டும், மேல் உறைக்கு இருக்கவே கூடாது. மணல் மண் என்றால் 2 அங்குலம் ரொம்பப் பெரிது, மணல் சரிந்து உள்ளே கொட்டும். 12 முதல் 15 மி.மீ. போதும்.

உறை நன்றாகத் தண்ணீர் குடித்து இறுகியதா என்று பார்க்க ஒரு சாவி போதும். விளிம்பில் அழுத்திக் கீறுங்கள். வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் எடுக்கலாம். மாவாக உதிர்ந்தால் மூன்றே நாளில் அச்சைக் கழற்றி வெயிலில் வைத்த சரக்கு. இறக்கும்போதே பாதி உடையும். உடைந்ததை ‘ஒட்டிக்கலாம்’ என்பார்கள்.

மூடியைப் பற்றி ஒரே விஷயம்: நாலடி விட்டம், 2 அங்குலக் கனம் உள்ள ஒற்றை மூடி 140 கிலோ வரும். நாலு வருஷம் கழித்து அதை யார் தூக்குவது? இரண்டு பாதியாக, கம்பி வளையத்தோடு வார்த்துத் தரச் சொல்லுங்கள்.

கோப்பையும் வளைவும்

இரட்டைக் குழிக்கான கோப்பை வேறு, டவுன் வீட்டு இந்தியன் கோப்பை வேறு. கிராமக் கோப்பை என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் அடி 25 முதல் 28 டிகிரி வரை செங்குத்தாகச் சரியும். வளைவில் நிற்கும் தண்ணீர் 20 மி.மீ. மட்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஒன்றரை, இரண்டு லிட்டரில் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். சாதாரணக் கோப்பையின் வளைவில் 50 மி.மீ. தண்ணீர் நிற்கும், அதைத் தள்ள ஒரு வாளி வேண்டும். செட்டில் பளபளவென்று வருவது பல நேரம் இந்த இரண்டாவது ரகம்தான். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, அதனால் ஸ்கேலை வளைவுக்குள் விட்டு அளந்துவிடுவது நல்லது.

இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. பட்டறையிலேயே கோப்பையையும் வளைவையும் இரண்டு செங்கல் மேல் பொருத்தி, நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்றை உரித்துப் போட்டு, இரண்டு லிட்டர் தண்ணீரை ஒரே வீச்சாக ஊற்றுங்கள். பழம் அந்தப் பக்கம் விழ வேண்டும். வளைவில் தண்ணீர் மறுபடியும் தங்க வேண்டும். பழம் சிக்கினால் வேண்டாம். தண்ணீர் தங்காவிட்டால் வளைவைச் சாய்வாகப் பொருத்தியிருக்கிறார்கள் அல்லது வார்ப்பே கோணல். அந்த 20 மி.மீ. தண்ணீர்தான் நாற்றத்துக்கும் கொசுவுக்கும் கதவு.

கோப்பை பீங்கானாக இருக்கட்டும். வளைவு பிளாஸ்டிக்கோ ஃபைபரோ எதுவானாலும் சரி.

சேம்பர்: செட்டிலேயே மோசமான சாமான்

கோப்பையிலிருந்து வரும் பைப்பை இரண்டாகப் பிரிக்கும் இடம் இது. செட்டில் கொடுப்பது ஒரு சிமென்ட் பெட்டி, உள்ளே தட்டையான தரை, எதிரெதிரே இரண்டு ஓட்டை. சில இடங்களில் அதுவும் இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் ‘டீ’ மட்டும். இரண்டுமே உதவாது. இரண்டு லிட்டர் தண்ணீருக்கு அவ்வளவு வேகம் கிடையாது. செங்குத்தாக 90 டிகிரி திரும்பச் சொன்னால் தண்ணீர் போய்விடும், மற்றது அங்கேயே உட்கார்ந்துவிடும்.

கொத்தனாரிடம் சொல்லிச் செங்கல்லில் கட்டிவிடுங்கள். உள்ளளவு 25 செ.மீ. சதுரம் போதும். தரையில் கவட்டை வடிவத்தில் இரண்டு வாய்க்கால் வளைத்து, மழமழவென்று சிமென்ட் பால் பூசி, ஒன்றின் வாயை அரைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைக்க வேண்டும். சிமென்ட் வைத்து அடைத்தால் பிறகு உளி வேண்டியிருக்கும். சேம்பருக்குத் தனி மூடி. அதன் மேல் டைல்ஸ் ஒட்டக் கூடாது. எந்த வாய் திறந்திருக்கிறது, எந்தத் தேதியில் திறந்தது என்று மூடியின் அடிப்பக்கத்தில் ஈரச் சிமென்டிலேயே ஆணியால் எழுதி வைத்துவிடுங்கள். வீடு கைமாறினாலும் எழுத்து இருக்கும்.

சேம்பரிலிருந்து குழிக்குப் போகும் பைப், 10 அடிக்கு ஓரடி சாய வேண்டும். இடம் இல்லையென்றால் 15 அடிக்கு ஓரடி. அதற்குக் குறைந்தால் தேங்கும். பைப்பின் நுனி உறைச் சுவரைத் தாண்டி 3, 4 அங்குலம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுவரோடு வெட்டிவிட்டால் தண்ணீர் சுவரிலேயே வழிந்து ஓட்டைகளை அடைக்கும்.

மண்ணைக் கேட்காமல் விற்கிறார்கள்

எந்த ஊர், என்ன மண், கிணறு எவ்வளவு தூரம் என்று விற்பவர் கேட்பதில்லை. ஆனால் 15 கிலோமீட்டருக்குள் மண் மூன்று விதமாக மாறுகிற வட்டாரம் இது.

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிப் பக்கம் கரிசல் இருக்கிறது. கரிசல் தண்ணீரைக் குடிப்பது மெல்ல. களி மண்ணில் ஒரு சதுர மீட்டர் சுவர் நாளைக்கு 10 லிட்டர்தான் உறிஞ்சும், கலப்பு மண்ணில் 20, 30, மணலில் 50. ஒரு மீட்டர் விட்டம், ஒரு மீட்டர் ஆழக் குழிக்குச் சுவர்ப் பரப்பு 3.14 சதுர மீட்டர். கரிசலில் அது நாளைக்கு 31 லிட்டர் குடிக்கும். 5 பேர் ஆளுக்கு 10 லிட்டர் புழங்கினால் 50 லிட்டர். மிச்ச 19 லிட்டர் எங்கே போகும்? அதனால் கரிசலில் குழியை அகலமாகத் தோண்டி, உறையைச் சுற்றி ஓரடி கனத்துக்கு ஜல்லியோ செங்கல் உடைசலோ மணலோ நிரப்ப வேண்டும். அப்போது மண்ணைத் தொடும் பரப்பு 5 சதுர மீட்டராகிவிடும், 50 லிட்டரும் ஒட்டுக்கு ஒட்டாகப் போய்விடும். ஒரு குழிக்கு 45 கன அடி, இரண்டுக்கும் 90 கன அடி. ஒரு யூனிட் (100 கன அடி) ஜல்லிக்குக் கொஞ்சம் குறைவு. நாலடி உறை என்றால் ஒரு யூனிட்டுக்கு மேலேயே போகும். இந்தச் செலவு செட் விலையில் இல்லை, யாரும் முன்கூட்டிச் சொல்வதும் இல்லை.

இந்தக் கணக்கைப் பார்த்தாலே ஃபிளஷ் டேங்க் ஏன் கூடாது என்பதும் புரியும். 10 லிட்டர் தொட்டியை 5 பேர் நாளைக்கு நாலு தடவை இழுத்தால் 200 லிட்டர். எந்த மண்ணும் தாங்காது. குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எதையும் இந்தக் குழிக்கு விடக் கூடாது. அது வாழைக்குப் போகட்டும்.

செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலம் இந்த முறைக்கு அருமையான இடம். ஒரே எச்சரிக்கை, பாறை. ஓரடி தோண்டியதும் பாறை தலைகாட்டினால் வெடி வைத்துக் குழி எடுக்காதீர்கள். பாறை வெடிப்பு வழியாகப் போகிற தண்ணீர் மண்ணில் போவதுபோல வடிகட்டப்படாது. பக்கத்து வீட்டு போர்வெல்லில் போய் நிற்கும். அகலமாக, ஆழம் குறைவாக வேறிடத்தில் எடுங்கள்.

மேற்கே சித்தூர்ப்புழையை ஒட்டிய வயலோரம் போனால் சிக்கல் தலைகீழ். ஆடி மாதம் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் நிற்கும். அங்கே குழியின் மேல்மட்டத்தை நிலத்திலிருந்து ஓரடியாவது உயர்த்தி, சுற்றிலும் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு மண் கொட்டி இடித்து மேடாக்கி, கோப்பையையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும். மூணு படி ஏறித்தான் போக வேண்டியிருக்கும், பரவாயில்லை. ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கிற இடமென்றால் இந்த செட்டே வேண்டாம். சிறுநீரைத் தனியே பிரித்து, மலத்தின் மேல் சாம்பல் தூவித் தரைக்கு மேலேயே மக்க வைக்கும் உலர் கக்கூஸ்தான் வழி. திருவனந்தபுரம் கடற்கரையில் புல்லுவிளையில் 1990-களிலேயே பொறியாளர் பால் கால்வெர்ட் அதைக் கட்டிக் காட்டினார். திருச்சி மாவட்டம் முசிறியிலும் அப்படிப்பட்ட பொதுக் கழிப்பறை வந்தது. எல்லையின் இரண்டு பக்கமும் முன்மாதிரி இருந்தும் நடுவிலிருக்கும் பட்டறைகளில் அதற்கான கோப்பையைக் கேட்டால் விழிக்கிறார்கள்.

கிணறு

கேரளக் கட்டட விதிப்படி குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டர் தூரத்துக்குள் கழிவுக் குழியோ செப்டிக் டேங்கோ வரக் கூடாது. உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கிணறும் கணக்கு. 3 சென்ட் மனை என்பது ஏறக்குறைய 11 மீட்டருக்கு 11 மீட்டர். அதில் இந்த விதியைக் காப்பாற்றுவது லேசல்ல. வாஸ்து வேறு குறுக்கே வந்து நிற்கும். கழிவுக் குழி வடமேற்கு மூலை, கிணறு வடகிழக்கு மூலை என்கிறார்கள். உங்கள் வடமேற்கு மூலையும் மேற்கு வீட்டுக்காரரின் வடகிழக்கு மூலையும் ஒரே வேலியின் இரண்டு பக்கம். இரண்டு வீடும் வாஸ்து பார்த்தால் அவர் கிணறும் உங்கள் குழியும் தோளோடு தோள் உரசும்.

தூரத்தைவிட முக்கியமானது குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் இடையிலுள்ள காய்ந்த மண். அது 2 மீட்டர் இருந்து, மண்ணும் நைசாக இருந்தால் ஆபத்து மிகக் குறைவு. 2 மீட்டர் இல்லையென்றால் 7.5-ஐ மறந்துவிட்டு 10 மீட்டராவது தள்ளிப் போங்கள். மண் பருமணலாகவும் இருந்தால் குழியின் அடியைக் களிமண்ணோ பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டு அடைத்து, சுற்றிலும் அரை மீட்டருக்கு நைஸ் மணல் நிரப்ப வேண்டும். அடியை அடைக்கச் சொல்லும் இடம் இது ஒன்றுதான். மற்ற எங்கேயும் குழியின் அடி வெறும் மண்ணாகவே இருக்கட்டும்.

இரண்டு குழிக்கும் நடுவே குழியின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளி வேண்டும், குறைந்தது ஒரு மீட்டர். ஒட்டி ஒட்டிப் போட்டால் ஓடுகிற குழியின் தண்ணீர் ஓய்கிற குழிக்குள் ஊறி, இரண்டு வருஷம் கழித்துத் திறந்தாலும் சேறாகவே கிடக்கும்.

பட்டறையில் கிடைக்கும் யோசனை

“ஏனுங்ணா, ரெண்டு குழியையும் ஒண்ணாவே தொறந்து உட்டுட்டா சீக்கிரம் ரொம்பாதில்லீங்?”

“அப்படியே பண்ணிக்கங்க தம்பி. எதுக்கு அடைச்சுத் தொறந்துட்டு.”

இப்படித்தான் கெடுகிறது. இரண்டும் ஒன்றாகத் திறந்தால் இரண்டும் ஒன்றாக நிரம்பும், ஒன்றுகூட ஓய்ந்திருக்காது. நிரம்பும் அன்றைக்கு இரண்டு குழி நிறையப் பச்சைக் கழிவு, லாரி வராத சந்து.

இதன் அண்ணன் ஒன்று உண்டு: முதல் குழி நிரம்பி வழிந்தால் இரண்டாவதுக்குப் போகும்படி வரிசையாகப் பைப் போடுவது. கொத்தனார்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், சேம்பரே தேவையில்லை பாருங்கள். இதில் முதல் குழிக்கு ஆயுளுக்கும் ஓய்வு இல்லை. இது இரட்டைக் குழியே அல்ல, அடியில்லாத செப்டிக் டேங்க்.

காற்றுக் குழாய் வைக்கச் சொல்வார்கள். வேண்டாம். வாயுவை மண்ணே இழுத்துக்கொள்ளும். குழாய் வைத்தால் நாற்றம் வீட்டுக்கு மேலே சுற்றும், அதன் தலையில் வலை கிழிந்தால் கொசு உள்ளே போய்க் குடும்பம் நடத்தும்.

பாக்டீரியா பொடி பாக்கெட்டும் கூடவே நீட்டுவார்கள். ‘இதைப் போட்டால் அள்ளவே வேண்டாம்’ என்பது பொய். மக்குவதற்கான கிருமி மலத்திலும் மண்ணிலும் வேண்டிய அளவு இருக்கிறது. பொடி வாங்கிப் போட்டுவிட்டு அதே கையால் ஆசிடும் பினாயிலும் ஊற்றுவது இன்னும் வேடிக்கை. கோப்பையைக் கொஞ்சம் சோப்புத்தூளும் நீளப் பிரஷும் போட்டுத் தேய்த்தால் போதும். நாப்கின், டயப்பர் இரண்டும் குழிக்கு விஷம். பத்து வருஷம் கழித்தும் அப்படியே கிடக்கும்.

மூடியைத் தரையோடு தரையாக வைத்து முற்றத்துக்கு டைல்ஸ் ஒட்டச் சொல்வது கடைசி யோசனை. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், நிரம்பும்போது இடம் தெரியாமல் முற்றத்தையே கொத்த வேண்டிவரும். மூடி தரைக்கு 3, 4 அங்குலம் மேலே தெரியட்டும். விளிம்பைச் சுண்ணாம்போ களிமண்ணோ வைத்துப் பூசினால் கொசுவும் போகாது, தேவைப்படும்போது கடப்பாரையால் ஒரு நெம்பு போதும்.

ரெடிமேட் பிளாஸ்டிக் டேங்க் வாங்கலாமா?

பட்டறைக்குப் பக்கத்துக் கடையிலேயே கறுப்பு பிளாஸ்டிக் செப்டிக் டேங்க் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரே நாளில் வேலை முடியும் என்பது உண்மை. ஆனால் 500 லிட்டர் தொட்டியை ‘5 பேருக்குப் போதும்’ என்று விற்பதை நம்ப வேண்டாம். செப்டிக் டேங்குக்கான ஐ.எஸ். 2470 விதியில் 5 பேருக்கே 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம். அதாவது 1,125 லிட்டர், அதுவும் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை உறிஞ்சி எடுத்தால். தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் கிருமி நிறைந்தது, சாக்கடையில் விடக் கூடாது. அதற்கென்று தனி உறிகுழி வேண்டும். ஆக, குழி தோண்டும் வேலை இதிலும் தப்பாது. வயலோரத்தில் இன்னொரு தொல்லை: 1,000 லிட்டர் காலித் தொட்டியை நிலத்தடி நீர் ஏறக்குறைய ஒரு டன் விசையோடு மேலே தள்ளும். காலியாக இறக்கி மண் மூடினால் முதல் மழையில் மூடியோடு எழும்பி நிற்கும். தண்ணீர் நிரப்பிக்கொண்டே மண் மூட வேண்டும், மழைக்காலத்தில் முழுதாக உறிஞ்சிக் காலி செய்யவும் கூடாது.

லாரி வாசல் வரை வரும் வீடு, ஃபிளஷ் டேங்க் இல்லாமல் முடியாத பெரியவர்கள் இருக்கும் வீடு என்றால் செப்டிக் டேங்க். மற்றபடி இரட்டைக் குழி.

அள்ளுவது யார்

விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே தவிர்க்கும் கேள்வி இது. இரண்டு ஆண்டு ஓய்ந்த குழியைத் திறந்தால் உள்ளே இருப்பது கருப்பு மண். நாற்றம் இருக்காது, கையில் பிடித்தால் உதிரும். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்கதேவிபல்லியில் ஒன்றிய அரசின் குடிநீர், துப்புரவுத் துறைச் செயலாளர் பரமேஸ்வரன் ஐயர் தாமே குழிக்குள் இறங்கி அள்ளிக் காட்டினார். அதைப் பார்த்தபிறகும் நம் பக்கத்தில் ‘அதுக்குன்னு ஆள் இருக்காங்க’ என்று ஒரு குறிப்பிட்ட சாதியாரைத் தேடிப் போவது நிற்கவில்லை. ஆள் தேடுகிற அவசரத்தில் குழி சரியாக மக்கியதா என்று பார்ப்பதும் இல்லை. மக்காத மலத்தை மனிதரை வைத்து அள்ள வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குழிகளில் இறங்கி இறப்பவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் உயர்த்தியது 2023-இல்.

செய்முறை இவ்வளவுதான். மாசி, பங்குனியில் மூடியைத் திறந்து ஒரு நாள் காற்றாட விடுங்கள். நீளக் கம்பியால் அடி வரை குத்திப் பாருங்கள். கம்பியில் ஈரச் சேறு ஒட்டி நாறினால் மூடிவிட்டு இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். உதிரியாக வந்தால் கையுறை, பூட்ஸ் போட்டு மண்வெட்டியால் வீட்டுக்காரரே அள்ளலாம். தென்னை மரத்தைச் சுற்றி வட்டம் எடுத்து, போட்டு, மேலே மண் தள்ளிவிடுங்கள். பச்சையாகத் தின்னும் கீரை, காய்க்கு வேண்டாம்.

சாமானுக்கும் சேவைக்கும்

கேரளம் திறந்தவெளிக் கழிப்பிடமற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது 2016 நவம்பர் 1-இல். கக்கூஸ் கட்டியாகிவிட்டது; கட்டியதை எப்படி ஓட்டுவது என்ற விவரம்தான் போய்ச் சேரவில்லை. இங்கே அதற்குத் தனிக் காரணமும் உண்டு. வீட்டில் பேசுவது தமிழ், பஞ்சாயத்துக் காகிதம் மலையாளத்தில், கொத்தனார் பொள்ளாச்சிப் பக்கத்தவர், பட்டறைக்காரருக்கு வார்க்கத் தெரியும், மாட்டத் தெரியாது. நாலு பேரில் யாரிடமும் முழு விவரம் இல்லை. உறைக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் கொடுக்கலாம், கோப்பைக்கு மூன்று, சேம்பருக்கு ஒன்று. விளக்கிச் சொல்லும் சேவைக்குக் கொடுக்க எதுவும் இல்லை. ஒரு பட்டறை முற்றத்தில் வெட்டிக் காட்டும் மாதிரிக் குழி ஒன்றைப் போட்டு, தமிழிலும் மலையாளத்திலும் நாலு வரி எழுதி வைத்தால் அதற்கு இரண்டு சிமென்ட் மூட்டைக்கு மேல் செலவாகாது. கொத்தனார்களை ஒரு நாள் அங்கே நிறுத்திச் சேம்பர் கட்டிப் பழக்கினால் பட்டறைக்குத்தான் வியாபாரம் கூடும்.

விலையைச் செட்டாகக் கேட்காமல் சாமான் வாரியாகக் கேளுங்கள்: நாலடி உறை ஓட்டையோடு 6, ஓட்டையில்லாமல் 2, பாதி மூடி 4, கிராமக் கோப்பை, 20 மி.மீ. வளைவு, பைப், வண்டி வாடகை தனி. தோண்டும் முன்பே கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து வையுங்கள், எச்.டூ.எஸ். சோதனைப் பாட்டிலில் குறியிட்ட அளவுக்குத் தண்ணீர் பிடித்து இரண்டு நாள் வீட்டுக்குள் வைத்தால் போதும், கறுத்தால் மலக் கிருமி கலந்திருக்கிறது. கக்கூஸ் புழங்க ஆரம்பித்து ஒரு மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு பாட்டில். முதல் பாட்டில் கறுக்காமல் இரண்டாவது கறுத்தால் உங்கள் குழியைச் சந்தேகப்படலாம். முதலாவதே கறுத்தால் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். ஆர்டரை தை மாதத்தில் கொடுத்தால் உறை இறுக நேரம் கிடைக்கும், சித்திரைக்குள் தோண்டி மூடிவிடலாம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியபிறகு தோண்டினால் கரை சரிந்து, ஓரடி ஜல்லி போட வேண்டிய இடத்தில் சேறுதான் நிற்கும்.